உன் வண்டிக்கூலியை நீயே கொடு

"கொழும்புக்குப் போனால்தான் மனுஷனாகலாம்" என்று உன் காதில் ஓதியவன் யார்? அவன் அங்கே எந்தத் தெருவில், எத்தனை பேரோடு, எந்தச் சுவரோரம் பாய் விரிக்கிறான் என்று கேட்டாயா? கேட்கவில்லை. "தோட்டத்தை விட்டு இறங்கினால் கெட்டுப் போவாய்" என்று பயமுறுத்திய பெரியவர் கடைசியாக எந்த வருஷம் பதுளை டவுனைத் தாண்டினார் என்று கேட்டாயா? அதையும் கேட்கவில்லை. ஒருவன் பேச்சைக் கேட்டுப் புறப்படுகிறாய், இன்னொருவர் பேச்சைக் கேட்டு உட்கார்ந்துவிடுகிறாய். இரண்டிலும் உன் மூளைக்கு வேலை கொடுக்கவே இல்லையே!

பசறையில், மடுல்சீமையில், நமுனுகுலையில், தெமோதரையில், ஹாலி-எலயில், ஹப்புத்தளையில், கொஸ்லந்தையில் லயத்து வாசலில் ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற தம்பி, தங்கச்சி, உன்னிடம்தான் பேசுகிறேன். போ என்று நான் சொல்லப் போவதில்லை. இரு என்றும் சொல்லப் போவதில்லை. அதைச் சொல்ல நான் யார்? பதுளையையும் கொழும்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கணக்குப் போடு என்கிறேன். கொப்பியை எடு, பேனையை எடு. வண்டிக்கூலி, வாடகை, வெயில், மழை, காய்ச்சல், எல்லாவற்றையும் எழுது. எழுதிப் பார்த்தபின் நீ எடுக்கிற முடிவு எதுவானாலும் அதற்கு நான் தலைவணங்குகிறேன்.

எல்ல ஸ்டேஷனில் முதுகில் பையோடு இறங்குகிற வெள்ளைக்காரப் பிள்ளையைப் பார்த்திருப்பாய். நாலு நாள் தங்க வருகிறவள். எந்த மாதம் மழை, எந்த வகுப்புப் பெட்டிக்கு எவ்வளவு, அறைக்கு எவ்வளவு, மிரிஸ்ஸ கடற்கரைக்குப் போவது லாபமா எல்ல மலைக்கு வருவது லாபமா என்று ஊரில் இருந்தே பார்த்துவிட்டுத்தான் விமானம் ஏறுகிறாள். நீயோ வாழ்க்கையையே தூக்கிக்கொண்டு போகிறாய். ஒரு சொப்பிங் பேக்கில் இரண்டு உடுப்பு, சட்டைப்பையில் யாரோ கொடுத்த ஃபோன் நம்பர், அவ்வளவுதான்! அவள் படித்தவள், நீ படிக்காதவன் என்று சொல்லாதே. ஓ.எல். எழுதிய உனக்குக் கூட்டல் கழித்தல் தெரியும். தெரிந்ததைச் செய்யாமல் இருப்பதற்குப் பெயர் ஏழ்மை இல்லை, சோம்பல்!

சரி, வண்டிக்கூலியில் தொடங்குவோம். பதுளையிலிருந்து கொழும்புக் கோட்டைக்கு ரயில் பாதை சுமார் 290 கிலோமீற்றர். பாதை முழுக்கத் திறந்திருந்தால் வண்டி ஒன்பது பத்து மணி நேரம் ஓடும். ஆசனம் பதியாத மூன்றாம் வகுப்புத்தான் மலிவு, நின்றுகொண்டே போகத் தயாராக இருந்தால். 99ஆம் இலக்க பஸ் பெரகலையில் இறங்கி பலாங்கொடை, இரத்தினபுரி வழியாக அதைவிடச் சீக்கிரம் கொண்டுபோய் விடும்; காசு கூட. கட்டணத்தை நான் எழுதவில்லை, அது அடிக்கடி மாறும். நீயே ஸ்டேஷனுக்குப் போய் ஜன்னலில் கேள். கேட்பதற்குக் காசில்லை.

ஆனால் டிக்கட் விலை செலவே அல்ல, செலவுக்குப் போடுகிற பிள்ளையார் சுழி. போர்டிங்குக்கு முன்பணம் கேட்பார்கள். லயத்தில் அம்மா ஊற்றித் தந்த பிளேன்டீயைக்கூட அங்கே காசு கொடுத்துக் குடிக்க வேண்டும். அப்புறம் திரும்பி வருகிற கூலி. தீபாவளிக்கு ஒன்று, பொங்கலுக்கு ஒன்று, கோயில் திருவிழாவுக்கு ஒன்று. இவை மூன்றும் நாள் தெரிந்த செலவு. நாள் தெரியாத செலவும் உண்டு. ராத்திரி பத்து மணிக்கு ஃபோன் வரும், "தாத்தாவுக்கு முடியல, உடனே வா" என்று. அன்றைக்கு ஆசனம் பார்க்க முடியாது, மலிவு பார்க்க முடியாது. விடிகாலையில் பதுளை பஸ் நிலையத்தில் இறங்கினால் தோட்டத்துக்கு முதல் பஸ் இன்னும் வந்திருக்காது. ஓட்டோக்காரர் ஒரு தொகை சொல்வார். மேல்பிரிவு வரைக்கும் ஏறும் பாதை குண்டும் குழியும், அவரைக் குறை சொல்ல முடியாது. கொழும்பிலிருந்து பதுளைக்குக் கொடுத்ததைவிட, பதுளையிலிருந்து வீட்டு வாசலுக்குக் கொடுப்பது அதிகமாக இருக்கும்! இந்தக் கடைசி எட்டுப் பத்து மைல் வேலைக்கு ஆள் சேர்க்கிற எந்த ஏஜென்ட்டின் கணக்கிலும் வராது. உன் கணக்கில் வரவேண்டும்.

இனி வரவு. தோட்டத்தில் ஒரு நாள் பேருக்கு 1,350 ரூபா என்று 2024 செப்டம்பரில் வர்த்தமானி வந்தது. அதன் பிறகு கூடியதை உன் சம்பளத் துண்டைப் பார்த்துச் சேர்த்துக்கொள். கணக்குப் போடும் முறையைக் காட்ட நான் 1,350ஐயே வைக்கிறேன். மாதம் 25 நாள் பேர் விழுந்தால் 33,750. அதில் ஊழியர் சேமலாப நிதிக்கு (ஈ.பீ.எப்.) உன் பங்கு நூற்றுக்கு 8, அதாவது 2,700 கழியும். கழிந்ததைத்தான் நீ பார்க்கிறாய். தோட்ட நிர்வாகம் தன் பக்கத்தில் இருந்து நூற்றுக்கு 12 போட வேண்டும், 4,050. நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு நூற்றுக்கு 3, 1,012 ரூபா 50 சதம். ஆக மாதத்துக்கு உன் உழைப்பின் விலை 38,812 ரூபா 50 சதம். இப்போது புறக்கோட்டையில் ஒரு கடை முதலாளி "கையில் 40,000, ஈ.பீ.எப். எல்லாம் கிடையாது" என்கிறார் என்று வை. உன் கண்ணுக்கு 40,000 மலை மாதிரித் தெரியும். கூடுதல் எவ்வளவு? 1,187 ரூபா 50 சதம். அந்தக் காசில் கொழும்பில் ஒரு மாதம் எங்கே படுப்பாய்?

நில், அதற்குள் "பார்த்தியா, தோட்டமே மேல்" என்று குதிக்காதே. இருபத்தைந்து பேர் எல்லாத் தோட்டமும் கொடுக்கிறதா? பதினைந்து நாள்தான் வேலை என்றால் 20,250. நிறுவை எடை குறைந்த நாளுக்கு அரைப்பேர். அப்போது அதே 40,000 வேறு முகம் காட்டும். என் வாயில் இருந்து பதில் வராது தம்பி, உன் பேர் பதிகிற செக்ரோலில் இருந்துதான் வரும். பக்கத்து வீட்டுக்காரனுக்குச் சரியாக வந்த முடிவு உனக்குத் தப்பாகலாம்.

காசை எழுதிவிட்டாயா? அடுத்த பக்கத்தில் காலநிலையை எழுது. இதை நம்மவர்கள் எழுதுவதே இல்லை. கொழும்பு என்றால் "சூடு", மலை என்றால் "குளிர்" என்று இரண்டு சொல்லோடு விட்டுவிடுகிறோம். எவ்வளவு சூடு, எவ்வளவு குளிர், எந்த மாதம்? கடல்மட்டத்தில் இருக்கிற கொழும்பில் வருஷம் முழுக்கச் சராசரி 27, 28 பாகை செல்சியஸ். ஆயிரம் மீற்றர் மேலே ஏறினால் சுமார் ஆறரைப் பாகை குறையும் என்பது பள்ளிக்கூடத்துப் புவியியல் பாடம். பதுளை டவுன் சுமார் 680 மீற்றர் உயரம். கணக்குப் போடு, நாலரைப் பாகை குறைந்து 23. பண்டாரவளை 1,230 மீற்றர், எட்டுப் பாகை குறைந்து 20ஐ ஒட்டி வரும். நுவரெலியா 1,868 மீற்றர், 16ஐ ஒட்டி நிற்கும். நீ கையால் போட்ட இந்தக் கணக்கு, வானிலைக்காரர்கள் அளந்த அளவுக்குப் பக்கத்திலேயே வருகிறது. பெரிய படிப்பு எதுவும் தேவைப்படவில்லை, பார்த்தாயா?

நாலரைப் பாகை என்பது காகிதத்தில் சின்ன எண். உடம்பில் அது மின்விசிறி. ராத்திரி முழுக்க ஓடுகிற மின்விசிறி, அதற்கு ஏறுகிற மின்கட்டணம். நாலு பேர் படுக்கிற அறையில் அந்த ஒரு விசிறி யார் பக்கம் திரும்புகிறது என்கிற சண்டை. வியர்த்த சட்டையை மறுநாளும் போட முடியாததால் கூடுகிற சோப்பு. புழுக்கத்தில் தூக்கம் கெட்டு மறுநாள் கடையில் நின்றுகொண்டே கண் சொருகுவது. அதோடு டெங்கு. நாட்டில் டெங்கு கூடுதலாகப் பதிவாகிற இடங்களில் கொழும்பு எப்போதும் முன்வரிசையில் இருக்கும். ஒரு நுளம்பு வலையின் விலையை உன் செலவுப் பட்டியலில் முதலாவதாக எழுது. அது இல்லாமல் படுக்கிறவன், பத்து நாள் சம்பளத்தை ஆஸ்பத்திரிக் கட்டிலில் விட்டுவிட்டு வருவான்.

மழைக்கு வா. ஊவாவில் பிறந்தவன் என்று மார்தட்டுகிறாயே, ஊவாவின் மழைக் கணக்கு உனக்குத் தெரியுமா? மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று கொழும்பையும் மேற்கு மலைச் சரிவையும் நனைக்கும். மலையில் முட்டி மழையைக் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் இறங்கும்போது காய்ந்த காற்றாக வரும். அதுதான் நம் கச்சான். ஜூலை மாதத்தில் பகல் ரயிலில் போகிறவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டாம். நானுஓயாவில் இருந்து பட்டிப்பொல வரைக்கும் பனிமூட்டமும் தூறலுமாக ஜன்னலை இறக்கிவைத்து, துவாயைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பட்டிப்பொல ஸ்டேஷன் ஏறக்குறைய 1,890 மீற்றர் உயரம். அதைத் தாண்டிச் சுரங்கத்துக்குள் நுழைந்து இருட்டில் கொஞ்ச நேரம் ஓடி, ஒஹிய பக்கம் வெளியே வந்தால் வெயில்! பளீரென்று வெயில், புல்லெல்லாம் காய்ந்து கிடக்கும், காற்று சட்டையைப் பிடித்து இழுக்கும். ஒரு சுரங்கத்தின் இரண்டு வாசலில் இரண்டு நாடு.

அந்தக் கச்சான் காலத்தில்தான் ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் பேர். ஜூலை முதல் செப்டம்பர் வரையான காய்ந்த காற்றில் கொழுந்து மெதுவாக வளரும், அதில் ஒரு தனி வாசம் ஏறும், கொழும்பு ஏலத்தில் விலை கூடும். எந்தத் தன்னம்பிக்கைப் பேச்சாளரும் இந்த இடத்தில் ஒரு உவமை சொல்லாமல் விடமாட்டார்: "கஷ்டத்தில்தானே மணம் வருகிறது!" நான் சொல்ல மாட்டேன். ஏனென்றால் அதே காலத்தில் மலையில் கொழுந்து குறைவு. அம்மாவின் கூடையில் எடை ஏறாது, அரைப்பேர் விழும். மணம் ஏலத்துக்கு, நட்டம் கூடைக்கு. உன் கொப்பியில் எழுதவேண்டியது உவமையை அல்ல, இதை: ஜூலை, ஓகஸ்ட், செப்டம்பர், வீட்டில் வருமானம் குறையும் மாதங்கள். வெளியே ஒரு வேலை தேடி வைக்க வேண்டுமானால் அந்த மூன்று மாதத்துக்கு முன்பே தேடு. எல்லவில் வெள்ளைக்காரர் நிறையும் ஓகஸ்ட் மாதமும் அதில்தான் வருகிறது. அறை துப்புரவாக்க, சமைக்க, வழிகாட்ட, ஓட்டோ ஓட்ட ஆள் தேவைப்படும் காலம், வீட்டில் கை வறளும் காலம், இரண்டும் ஒன்றாக வந்து நிற்கின்றன. இதைப் பார்த்தாயா இதுவரை?

ஒக்டோபரில் காற்று திரும்பும். அது முதல் ஜனவரி வரை நமக்கு மழை. டிசம்பர், ஜனவரியில் கொழும்பு ஓரளவு காய்ந்து, காலையில் இதமாக இருக்கும். ஊவாவின் மழையை அழகு என்று யாராவது கவிதை சொன்னால் கோபம் வருகிறது எனக்கு. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் முன்பே எச்சரித்திருந்தது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது பதுளை மாவட்டம் மறுபடி சரிந்தது. ஆகையால் குளிர்ச்சியை மட்டும் மலையின் பக்கம் எழுதி, டெங்கை மட்டும் கொழும்பின் பக்கம் எழுதினால் அது பொய்க் கணக்கு. உன் லயத்துக்கு மேலே உள்ள மண் எப்படி? மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று எச்சரிக்கை வருகிறதே, உன் பிரதேச செயலகப் பிரிவுக்கு எது வந்தது என்று மழைநாளில் பார்க்கிறாயா? டிக்டொக் பார்க்கிற அதே ஃபோனில் அதையும் பார்க்கலாம். வீட்டில் முதலில் கேள்வி கேட்கிறவன் நீயாக இரு. அதற்குப் பதவி வேண்டாம், யூனியன் தலைவர் ஆகவும் வேண்டாம்.

இவ்வளவு பிடிவாதமாகக் கணக்கு, கணக்கு என்று நான் கத்துவதற்குக் காரணம் உண்டு. நம் ஆட்கள் முதன்முதலில் செய்த பயணத்தின் கணக்கை வேறொருவன் எழுதினான். தமிழ்நாட்டு ஊருக்கு ஆள் பிடிக்கும் கங்காணி வந்து மாசியும் தேங்காயும் அள்ளலாம் என்று ஆசை காட்டினான். தோணிக்கூலி அவன் கொடுத்தான், வழிச்சோறு அவன் போட்டான், கம்பளி அவன் வாங்கித் தந்தான். மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்தவர்களில் கொலராவிலும் காய்ச்சலிலும் விழுந்தவர் பலர். பிழைத்து மலைக்கு வந்து சேர்ந்தவனுக்கு முதலில் கிடைத்தது வேலையா? கடன்! வந்த கூலி, தின்ற சோறு, போர்த்திய கம்பளி, எல்லாம் அவன் பேரில் எழுதப்பட்டிருந்தது. எழுதியவனுக்கு எழுதத் தெரியும், கைநாட்டு வைத்தவனுக்குப் படிக்கத் தெரியாது. அந்தக் கடன் தீராமல் தோட்டத்தை விட்டு நகர முடியாது. வேறு தோட்டம் போக வேண்டுமானால் கடன் தொகை எழுதிய துண்டு வேண்டும். புதுத் தோட்டம் அந்தக் கடனைக் கட்டி ஆளை எடுக்கும். மனுஷன் கை மாறுவான், கடன் மாறாது. 1921ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் அந்தத் துண்டு முறை ஒழிந்தது.

இது நம் தலைவிதி மட்டும் என்று நினைத்துவிடாதே. தென் அமெரிக்காவில் ஈக்வடோர் என்றொரு நாடு. அதிலும் ஒரு மலை நகரம், ஒரு கடற்கரை நகரம். கித்தோ 2,850 மீற்றர் உயரத்தில், ராத்திரியில் கம்பளி கேட்கும். குவாயாக்கில் துறைமுகம், நம் கொழும்பு மாதிரிப் புழுக்கம். 1908இல் மலையை வெட்டி இரண்டையும் ரயிலால் இணைத்தார்கள். மலையின் பழங்குடி ஏழைகள் கொக்கோத் தோட்டங்களுக்கும் துறைமுகத்துக்கும் இறங்கினார்கள். அங்கேயும் முன்பணம், அங்கேயும் கடன், கடனைக் கட்டாத கூலியைச் சிறையில் போடும் வழக்கம். 1918இல்தான் அது எடுபட்டது. கடலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் மூன்றே வருஷ இடைவெளியில் ஒரே விலங்கு உடைந்திருக்கிறது.

பதுளைக்கு ரயில் வந்தது 1924இல். நானுஓயாவுக்கு 1885, ஹப்புத்தளைக்கு 1893, பண்டாரவளைக்கு 1894 என்று வந்து, கடைசி இறக்கத்துக்கு முப்பது வருஷம் காத்திருந்தது. தெமோதரையில் பாதை ஒரு சுற்றுச் சுற்றித் தன் ஸ்டேஷனுக்கு அடியிலேயே நுழைந்து போகிறதே, அந்த விந்தையும், 1921இல் முடிந்த ஒன்பது வளைவுப் பாலமும் யாருக்காக? தேயிலைப் பெட்டியைக் கொழும்புக்கு இறக்க எவ்வளவு செலவாகும் என்று துரைமார் கணக்குப் போட்டுப் போட்டுக் கேட்ட பாதை அது. ஒரு இறாத்தல் தேயிலையின் வண்டிக்கூலி அவர்களுக்குத் துல்லியமாகத் தெரியும். அந்தப் பெட்டிக்குக் கிடைத்த மரியாதையை உனக்கு நீயே கொடுக்காவிட்டால் வேறு யார் கொடுப்பார்கள்?

துண்டு ஒழிந்து நூறு வருஷம் தாண்டிவிட்டது. ஆனால் இன்றைக்கும் ஃபோனில் ஒரு குரல் வரும். "டிக்கட்டு நான் போட்டுத் தாரேன் தம்பி, போர்டிங் முன்பணமும் நானே கட்டிர்றேன். சம்பளத்துல மெதுவா கழிச்சுக்குவோம்." எவ்வளவு இனிமையான பேச்சு! கேட்டதும் அம்மாவுக்குக் கண் கலங்கும், "நல்ல மனுஷன்" என்பார். முதல் மாதச் சம்பளத்தில் பாதி வராது. இரண்டாம் மாதம் கேட்டால் கணக்கு இன்னும் முடியவில்லை என்பார்கள். அடையாள அட்டை முதலாளியின் மேசை லாச்சிக்குள் இருக்கும். திரும்பி வர நினைத்தால் வண்டிக்கூலிகூடக் கையில் இருக்காது. இதற்கு இன்று துண்டு என்று பெயர் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

அதனால் சொல்கிறேன், உன் வண்டிக்கூலியை நீயே கொடு! இரண்டு மாதம் பிந்தினாலும் பரவாயில்லை, போகும் கூலி, வரும் கூலி, ஒரு மாதச் சாப்பாடு, இந்த மூன்றையும் உன் காசில் கட்டிவைத்துக்கொண்டு புறப்படு. திரும்பி வரும் கூலி சட்டைப்பையில் இருக்கிறவன் முதலாளிக்கு முன்னால் நிற்கிற நிற்பே வேறு. அவன் சம்பளம் கேட்பான், விடுமுறை கேட்பான், அநியாயம் என்றால் எழுந்து வந்துவிடுவான். அந்தத் துணிச்சலை யாரும் மேடையில் பேசி உனக்குள் ஏற்ற முடியாது. பையில் இருக்கிற அந்த நோட்டுத்தான் ஏற்றும்.

படிக்கிற பிள்ளைக்குக் கணக்கு வேறு. பசறை வீதியில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் 2005இல் இருந்து இருக்கிறது. நாட்டின் எந்தெந்த மூலையிலிருந்தோ பிள்ளைகள் வந்து பதுளையில் அறை தேடி, வாடகை கொடுத்துப் படிக்கிறார்கள். நீ பஸ்ஸில் அதன் வாசலைத் தாண்டிக் கொழும்புக்கு வேலை தேடிப் போகிறாய். இன்னொன்று, பல்கலைக்கழக அனுமதியில் பதுளை, மொனராகலை இரண்டும் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் உள்ளவை. வெட்டுப்புள்ளி கொழும்பை விடப் பொதுவாகக் குறைவு. ஏ.எல்.லுக்கு என்று கடன் வாங்கிப் பிள்ளையைக் கொழும்புப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றுகிற பெற்றோரே, இந்த வரியை இரண்டு தரம் வாசியுங்கள். கட்டணமும் கட்டி, மாவட்ட வாய்ப்பையும் கைவிடுவீர்களா? அனுமதிக் கையேட்டை வாங்கி, எந்தப் பாடசாலை, எத்தனை வருஷம் என்ற விதியை வாசித்துவிட்டு முடிவெடுங்கள்.

போகிறவன் போகட்டும், நான் தடுக்கவில்லை. எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப் 1934இல் ஹாலி-எல பக்கத்து ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் பிறந்தவர். பிறகு தெளிவத்தைத் தோட்டத்தில் வேலை, அப்புறம் கொழும்பு. 2022இல் மறையும் வரைக்கும் எழுதினார். கொழும்புக்கு இறங்கிய அந்த மனிதர், தோட்டத்தின் பெயரைத் தன் பெயருக்கு முன்னால் வைத்துக்கொண்டு இறங்கினார். வெள்ளவத்தையில் "எந்த ஊர்?" என்று கேட்டால் "கண்டிப் பக்கம்" என்று முணுமுணுக்கிற தம்பி, கேட்டாயா? பதுளை என்று சொல். தோட்டத்தின் பெயரையும் சேர்த்துச் சொல். ஒளிப்பதற்கு இதில் என்ன இருக்கிறது?

கையில் ஒரு தொழிலோடு போ. வயரிங், வெல்டிங், சமையல், கனரக வாகன லைசென்ஸ், எதுவானாலும் என்.வி.கியூ. தொழில்தகைமைச் சான்றிதழோடு போனால் உன் கூலியை நீ பேசலாம். அது இல்லாமல் போனால் அவர்கள் பேசுவார்கள், நீ கேட்டுக்கொண்டு நிற்பாய். பண்டாரவளை, பதுளை டவுன், எல்ல, இவையும் ஊர்கள்தான். கொழும்பா லயமா என்று இரண்டே கதவு இருப்பதாக யார் உன்னிடம் சொன்னார்கள்?

நாளைக்கு அந்த ஏஜென்ட் மறுபடி ஃபோன் எடுப்பார். டிக்கட்டு போட்டுத் தருகிறேன் என்பார். "வேணாங்க அண்ணே, டிக்கட்டு நானே எடுத்துக்கிறேன்" என்று சொல். பிறகு மூச்சு விடாமல் கேள்: "சம்பளம் மாசம் எத்தனாந் தேதி? ஈ.பீ.எப். நம்பர் போடுவீங்களா? மாசத்துக்கு எத்தனை நாள் லீவு? தங்குற அறையில எத்தனை பேர்? அறையை ஒரு படம் புடிச்சு அனுப்புங்க. அங்க வேலை செய்ற நம்ம ஆள் ஒருத்தர்கிட்ட ஃபோனைக் குடுங்க, நான் பேசணும்." பதில் வந்தால் ஒவ்வொன்றாகக் கொப்பியில் எழுது. குரல் உயர்ந்தால், "ஓவரா பேசுற" என்றால், ஃபோனை வை. அடுத்த நம்பருக்குப் போடு.